முத்துமாலைச் சகோதரிகள்



குறிகட்டுவான் துறையிலிருந்து புறப்படும் படகு நெடுந்தீவின் மாவிலித்துறையை அடைவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். காற்று எதிர்த்தால் இன்னும் சிறிது நேரம் கூடும். அந்நேரத்துள் அப்படகில் ஆராயப்படாத பொருள் உலகில் ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். மீன் விலை முதல் மேல்நாட்டு அரசியல் ஈறாக யாவற்றுக்கும் அங்கே தீர்ப்புக் கூறப்படும். சென்ற தவணை விடுமுறை முடிந்து நான் அவ்வாறு பயணஞ் செய்துகொண்டிருந்தபொழுது, உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி என் அருகே வந்து நின்றாள்.

"சேர், ஒன்று கேட்கலாமோ?" என்றாள்.

"கேள் பிள்ளை" என்றேன்.

தொரொன்ரோ நகரில் வாழும் அவளுடைய பெரியம்மாவின் மகள் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாளாம். ஐக்கிய அமெரிக்காவின் உப சனாதிபதியாயிருந்த கமலா ஹாரிஸ் அம்மையார் ஒரு மாணவியர் சங்கத்தைச் சேர்ந்தவர் என்றும், பெயர்பெற்ற பெண்மணிகள் எல்லோரும் அச்சங்கத்தவரே என்றும் அவள் சொன்னாளாம். அம்மட்டோ? பேர்போன சப்பாத்துக் கம்பனி ஒன்று, விளையாட்டு உடுப்புக் கம்பனி ஒன்று, விமானக் கம்பனி ஒன்று ஆகிய மூன்றும் அத்தகைய சங்கங்களுக்கே உரியவையாம். "அதிலே சேர்ந்துவிட்டால் பிறகு வாழ்க்கையில் ஒரு கவலையும் இல்லையாம், சேர். உண்மையோ?"

படகின் இயந்திர இரைச்சலுக்கு இடையில் அன்று நான் அளித்த மறுமொழி அரைகுறையானது. பின்னர் ஆறுதலாக நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்ல விழைகின்றேன். வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் மேல்நாட்டில் ஒரு பிள்ளையேனும் இல்லாத குடும்பத்தைக் காண்பது இன்று அரிது. அப்பிள்ளைகளின் பிள்ளைகள் இப்பொழுது அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கால்வைக்கின்றனர். இத்தகைய சங்கத்தின் அழைப்பு ஒருநாள் அவர்கள் கையிலும் வந்து சேரலாம்.

முதற்கண் இச்சங்கம் யாது என்பதைப் பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் சிலர் கூடி, கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூட்டிக்கொண்டு, தமக்குள்ளே சங்கம் அமைக்கும் வழக்கம் 1776 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. அக்காலத்தில் கல்லூரிக் கதவு பெண்களுக்குத் திறக்கப்படவில்லை. திறக்கப்பட்ட பின்னர், ஆடவர் சங்கங்கள் தம்மைச் சேர்த்துக்கொள்ளாமையால், பெண்கள் தமக்கென்று சங்கங்களை அமைத்தனர். 1867 இல் இலினோய் மாநிலத்து மொன்மத் கல்லூரியில் ஒன்று. 1870 இல் இந்தியானா மாநிலத்தில் இன்னொன்று. இவ்வாறு அவை பெருகின. இலத்தீன் மொழியில் 'சொரோர்' என்றால் சகோதரி. அதிலிருந்து 'சொரொரிட்டி' என்னும் சொல்லை ஆக்கித் தந்தவர் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்து இலத்தீன் பேராசிரியர் ஒருவர். நாம் அதனைச் சகோதரிச் சங்கம் என்று வழங்கலாம்.

நம் நாட்டுப் பழைய மாணவர் சங்கத்தோடு இதனை ஒப்பிட்டு விளங்கிக்கொள்ள முயல்வோர் இடறி விழுவர். பழைய மாணவர் சங்கத்தில் உறுப்பினராவதற்கு அப்பள்ளியிற் படித்திருந்தாற் போதும். சந்தாப் பணம் கட்டினால் முடிந்தது. (கட்டாதவர்களும் பொதுக்கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்து பேசுவதை நான் கண்டிருக்கின்றேன்.) சகோதரிச் சங்கமோ தானே தேர்ந்து எடுப்பது. சங்கத்தார் உடன்பட்டு ஏற்க வேண்டும். ஏற்கப்பட்டவள் சில சடங்குகளுக்கு உட்பட வேண்டும். அச்சடங்குகள் வெளியாருக்குச் சொல்லப்படமாட்டா. சங்கத்துக்கென நிறம் உண்டு, பதக்கம் உண்டு, ஒருவரையொருவர் கண்டால் வழங்கும் குறிப்பொலியும் உண்டு. ஒருமுறை சேர்ந்தவர் தம் வாழ்நாள் முழுவதும் உறுப்பினரே. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே பேசுபவரைப் பற்றி வெளித்திண்ணையில் இருப்பவர் கதை கட்டாமல் இருப்பாரோ? வதந்தியின் முதல் வித்து இதுவே.

இனி, கமலா ஹாரிஸ் அம்மையாரின் சங்கத்துக்கு வருவோம். அதன் பெயர் ஆல்பா கப்பா ஆல்பா. அது 1908 ஆம் ஆண்டு சனவரி மாதம் 15 ஆந் திகதி வாசிங்டன் நகரிலுள்ள ஹவர்ட் பல்கலைக்கழகத்திலே தோன்றியது. இங்கே ஒரு சொல் சொல்லிவைக்க வேண்டும். ஹவர்ட் வேறு, ஹார்வர்ட் வேறு. நம்மவர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஹார்வர்ட் என்பது 1636 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய பழம்பெரும் கல்விக்கூடம். ஹவர்ட், அடிமை முறை ஒழிந்த இரண்டாண்டுகளுக்குள், 1867 இல் நிறுவப்பட்டுக் கறுப்பின மக்களின் உயர்கல்விக்குத் தாயகமாய் விளங்கிவருவது. கமலா 'ஹார்வர்டிற் படித்தவர்' என்று நம்மூரில் உறுதியாகச் சொன்னவர்களை நான் அறிவேன். அவர்கள் அதனைப் புகழ்ச்சியாகவே சொன்னார்கள். ஆயினும் அவர் ஹவர்டைத் தேர்ந்தமையின் பொருளே அதனால் மறைந்து போகின்றது.

அடிமைத்தளை நீங்கி நாற்பத்து மூன்று ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பினப் பெண்களை எண்ணிவிடலாம். அவர்களுள் எதெல் ஹெட்ஜ்மன் என்னும் மாணவி முன்னின்று ஒன்பது பேர் கொண்ட சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் எழுவர் சேர்ந்தனர். ஆகப் பதினாறு பேர் தோற்றுநர் எனப்படுவர். 1912 ஆம் ஆண்டளவில் சங்கத்துள்ளே கருத்து வேற்றுமை எழுந்தது. பெயரையும் நிறத்தையும் மாற்றிப் பொதுவாழ்வில் இன்னும் முனைந்து இறங்க வேண்டும் என்றனர் சிலர். அவர்களுள் இருபத்திருவர் பிரிந்து சென்று, 1913 சனவரியில் டெல்டா சிக்மா தீட்டா என்னும் புதிய சங்கத்தை நிறுவினர். அவ்வாண்டு மார்ச் 3 ஆந் திகதி வாசிங்டன் வீதியில் நடைபெற்ற பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் அவர்கள் நடந்தமை வரலாறு. பழைய சங்கத்தில் நின்றோர், அதே சனவரி 29 இல் தம் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்தனர். அப்பதிவுக்குத் துணைநின்ற புதியவர் நால்வரையும் தோற்றுநர் பதினாறு பேரையும் கூட்டினால் இருபது. இந்த இருபதின்மரே 'இருபது முத்துக்கள்' எனப்படுவர். சங்கப் பதக்கத்தில் இருபது முத்துக்கள் பதிக்கப்படும். சங்கத்தவர் கழுத்தில் முத்துமாலை அணிவர். மன்னார்க் கடலில் முத்துக் குளித்த கதையைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, அம்மாலையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

கமலாவின் கழுத்தில் அம்மாலையை உலகம் கண்டது. அவருடைய அன்னையார் சியாமளா கோபாலன் சென்னையிற் பிறந்தவர், பாட்டனார் பி. வி. கோபாலன் அவர்கள் மன்னார்குடிக்கு அண்மையிலுள்ள துளசேந்திரபுரத்தவர். கமலா 1986 ஆம் ஆண்டு ஹவர்டிற் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே சங்கத்திலும் சேர்ந்தார். 2020 ஆகத்து மாதம் உப சனாதிபதி வேட்பாளராக நின்று அவர் ஆற்றிய உரையில், தம் குடும்பத்தாரை அடுக்கிச் சொல்லுகையில் சித்திமார் என்ற தமிழ்ச் சொல்லை எடுத்தாண்டார். தமிழ்ச் செய்தித்தாள்கள் அச்சொல்லைக் கொண்டாடின. அதே உரையில், குடும்பம் என்ற அதே வரிசையில், தம் சகோதரிச் சங்கத்தின் பெயரையும் அவர் சொன்னார். அதனை நம்மவர் பெரும்பாலும் கவனிக்கவில்லை. அங்குள்ள கறுப்பினப் பெண்களோ அதனையே கவனித்தனர். சங்கம் பிறந்த ஆண்டை நினைவூட்டுமாறு 19 டொலரும் 8 சதமும் என்ற கணக்கில் அவருடைய தேர்தல் நிதிக்கு ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினர். 2021 சனவரி 20 இல் அவர் பதவியேற்றார். 2025 சனவரி 20 வரை அப்பதவியில் இருந்தார். இடையில் 2024 இல் சனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றார்.

ஆகவே கமலா அச்சங்கத்தவர் என்பது வதந்தியன்று. அவரே பலமுறை சொன்ன செய்தி. நோபெல் பரிசு பெற்ற எழுத்தாளர் ரோனி மொறிசன் ஹவர்டிற் பயின்ற காலத்தில் அச்சங்கத்திற் சேர்ந்தவர். விண்வெளிப் பயணங்களுக்குக் கணக்கிட்டுத் தந்த கணித வல்லுநர் கதறின் ஜோன்சன் அம்மையாரும் அச்சங்கத்தவரே. இவர்கள் மாணவியராய் இருந்தபோது, நாளை யார் ஆவர் என்று எவரும் அறியாத காலத்தில், சங்கம் இவர்களை ஏற்றுக்கொண்டது. அப்பெருமை சங்கத்துக்கு உரியது.

ஆனால் பட்டியலில் இன்னொரு வகைப் பெயர்களும் உள்ளன. அமெரிக்க சனாதிபதி றூஸ்வெல்ற் அவர்களின் துணைவியார் எலினோர், 1931 இல் சமாதானத்துக்கான நோபெல் பரிசைப் பெற்ற ஜேன் அடம்ஸ், கவிஞர் மாயா அஞ்சலோ, 1992 இல் விண்வெளிக்குச் சென்ற முதற் கறுப்பினப் பெண்மணியான மே ஜெமிசன் ஆகிய இவர்கள் கௌரவ உறுப்பினர். அஃதாவது, புகழ் பெற்ற பின்னர் சங்கத்தார் சென்று அழைத்து மாலையிட்டவர்கள். ஜெமிசன் அம்மையார் விண்வெளிக்குச் சென்றபோது சங்கத்தின் கொடியையும் உடன் கொண்டு சென்றார் என்பது உண்மையே. ஆயினும், 'எங்கள் சங்கம் ஒரு விண்வெளி வீராங்கனையை ஆக்கித் தந்தது' என்று ஒருத்தி சொன்னால் அது பிழை. சங்கம் ஆக்கவில்லை, வாழ்த்தியது. ஆக்குவதும் வாழ்த்துவதும் வேறுவேறு வினைகள் என்பதை நான் இலக்கண வகுப்பிற் சொல்லத் தேவையில்லை. வாழ்க்கையிலே அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கின்றது.

மூன்றாவது வகை உண்டு. அதுதான் முழு வதந்தி. 1968 இல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவான முதற் கறுப்பினப் பெண்மணி சேர்லி சிசம். அவர் 1972 இல் சனாதிபதி வேட்பாளராகவும் முயன்றார். கமலாவுக்கு முன்னோடி என்று இவரைச் சொல்வது வழக்கம். முன்னோடி ஆகையால் அதே சங்கத்தவராய் இருப்பார் என்று கருதினால் தவறு; அவர் பிரிந்து சென்ற டெல்டா சங்கத்தவர். எழுத்தாளர் சோறா நீல் ஹேஸ்ரன் ஹவர்டிற் பயின்றவர்தாம். ஆயினும் அவர் சேர்ந்தது 1920 இல் அங்கே தோன்றிய சீட்டா பை பீட்டா என்னும் வேறொரு சங்கம். ஒரே பல்கலைக்கழகம், ஒரே இனம், ஒரே புகழ். சங்கம் மட்டும் வேறு. கேட்பவர் காதில் எல்லாம் ஒன்றாய்க் கலந்துவிடுகின்றன.

கம்பனிகளின் கதைக்கு வருவோம். சப்பாத்துக் கம்பனி என்று அப்பிள்ளை சொன்னது கொன்வேர்ஸ் கம்பனியை. கமலா அம்மையார் தேர்தல் காலத்தில் அக்கம்பனியின் துணிச் சப்பாத்தை அணிந்து விமானத்திலிருந்து இறங்கிய காட்சியைப் பலரும் பார்த்தனர். அவர் பதவியேற்ற அன்று எண்ணற்ற பெண்கள் கழுத்தில் முத்துமாலையும் காலில் அச்சப்பாத்துமாகப் படம் எடுத்து மகிழ்ந்தனர். மாலை சங்கத்தின் அடையாளம். சப்பாத்தோ கமலாவின் சொந்த விருப்பம். இரண்டும் ஒரே படத்தில் வந்தமையால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தன என்று கண் சொல்லிற்று. இவ்வதந்திக்கு உரமூட்ட இன்னொரு தற்செயலும் வாய்த்திருக்கின்றது. கொன்வேர்ஸ் கம்பனியும் 1908 ஆம் ஆண்டிலேயே தோன்றியது! மசாசூசெட்ஸ் மாநிலத்து மோல்டன் நகரில் மார்க்குவிஸ் மில்ஸ் கொன்வேர்ஸ் என்பவர் அதனைத் தொடங்கினார். 2003 இல் நைக்கி கம்பனி அதனை வாங்கியது. சங்கத்துக்கும் அதற்கும் ஆண்டைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை. ஒரே ஆண்டிற் பிறந்தவரெல்லாம் இரட்டையர் ஆவரோ?

விளையாட்டு உடுப்புக் கம்பனி என்றது கப்பா என்பதை. அது இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்துக் கம்பனி. 'கப்பா' என்பது இத்தாலியர் 'கே' என்னும் எழுத்துக்கு வழங்கும் பெயர். ஆணும் பெண்ணும் முதுகோடு முதுகு சாய்ந்து அமர்ந்திருக்கும் அதன் சின்னம் 1969 இல் எடுத்த ஒரு விளம்பரப் படத்திலிருந்து பிறந்தது. கப்பா என்ற எழுத்தைப் பெயரில் உடைய சங்கங்கள் அமெரிக்காவில் பலப்பல. அவற்றுள் எதுவும் அதற்கு உறவில்லை. விமானக் கம்பனி என்றது டெல்டா. அது 1928 இல் மிசிசிப்பி டெல்டா என்னும் நிலப்பகுதியை நினைந்து சூட்டிய பெயர்; டெல்டா சங்கத்துப் பெண்களைக் கேட்டுச் சூட்டியது அன்று.

பெயரொற்றுமை செய்யும் மாயத்தை நெடுந்தீவாருக்கு நான் விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஏனைய பெயர்கள் ஏட்டோடு நின்றன. டெல்வ்ற் மட்டும் இன்றுவரை ஆங்கிலத்தில் வழங்குகின்றது. ஒல்லாந்து நாட்டு டெல்வ்ற் நகரம் நீலப் பூ வேலைப்பாடமைந்த மட்கலங்களுக்குப் பேர்போனது. சில ஆண்டுகளுக்கு முன்னர் இங்கு வந்த உல்லாசப் பயணி ஒருவர், அக்கலங்கள் செய்யும் சூளை எங்கே என்று என்னிடம் வினவினார். பனைவடலியையும், முருகைக்கல் வேலியையும், மேய்ந்து திரியும் குதிரைகளையும் காட்டினேன். அவர் ஏமாற்றத்துடன் திரும்பினார். நம்முடைய குதிரைகள் அவருக்குப் போதவில்லை.

அப்படியாயின் சகோதரிச் சங்கங்களுக்கு வணிகத்தோடு ஒரு தொடர்பும் இல்லையோ எனின், உண்டு. ஆனால் வதந்தி சொல்லும் வகையில் அன்று. சங்கத்தின் பெயரும் சின்னமும் சட்டப்படி பதிவு செய்யப்பட்டவை. அவற்றைப் பொறித்த சட்டையோ பையோ விற்க விரும்பும் வணிகர் சங்கத்தின் அனுமதியைப் பெற வேண்டும். மேலும், அண்மை ஆண்டுகளில் ஆல்பா கப்பா ஆல்பாச் சங்கத்தார் தம் உறுப்பினருக்கென்று ஒரு சிக்கனக் கடனுதவுச் சங்கத்தையும் அமைத்துள்ளனர். ஐக்கிய நாணய சங்கங்களால் வளர்ந்த யாழ்ப்பாணத்தாருக்கு அது புதுமையன்று. பிறருடைய சப்பாத்துக் கம்பனி தம்முடையது என்று சொல்லிக்கொள்வதிலும், தம்முடைய சிறிய பணப்பெட்டியைத் தாமே காத்துக்கொள்வது எனக்குப் பெரிதாகப்படுகின்றது. ஆனால் இதனை அந்தத் தொரொன்ரோப் பிள்ளை சொல்லவில்லை. அவளுக்கு ஒருவரும் சொல்லவும் இல்லை போலும்.

சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. அதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். 1935 ஆம் ஆண்டுக் கோடையில் இச்சங்கத்துப் பெண்கள் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றனர். பருத்தித் தோட்டங்களில் குத்தகைக்கு உழைத்த கறுப்பின மக்கள் வைத்தியரைக் கண்டறியாதிருந்த இடம் அது. மருத்துவர் டொறொதி பெரபீ என்னும் அம்மையார் தலைமையில், மருத்துவரும் தாதியரும் ஆசிரியைகளும் அடங்கிய குழு புறப்பட்டது. நிறபேதக் கொடுமையால் புகையிரதத்தை நம்ப முடியாது, தத்தம் மோட்டார் வண்டிகளிலேயே வாசிங்டனிலிருந்து நெடுந்தூரம் சென்றனர். சிகிச்சை நிலையம் அமைத்து அங்கே மக்களை வரச் செய்வது அவர்களுடைய எண்ணம். தோட்டச் சொந்தக்காரரோ தொழிலாளரை வெளியே விட மறுத்தனர். அதனால் அப்பெண்கள் தம் மோட்டார் வண்டிகளையே வைத்தியசாலையாக்கித் தோட்டந்தோட்டமாகச் சென்றனர், பெரியம்மைக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் தடுப்பூசி இட்டனர், பற்களைச் சோதித்தனர், குழந்தைகளுக்கு எவ்வுணவு ஊட்டுவது என்று தாய்மாருக்குக் கற்பித்தனர். 1942 வரை ஆண்டுதோறும் இது நடந்தது. பின்னர் போர்க்காலத்தில் பெற்றோல் கட்டுப்பாடு வந்து தடுத்தது.

அவ்வண்டிகளில் சென்றவர்களுள் பெரபீ அம்மையாரை நீக்கினால், எத்தனை பேருடைய பெயரை உலகம் அறியும்? 'புகழ் பெற்ற உறுப்பினர்' என்று வாய்க்கு வாய் பரவும் பட்டியல்களில் அவர்களைத் தேடினேன், காணவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு உள்ளே சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் உதவி ஆசிரியராக இருந்த ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா மலர் வெளியிட ஏற்பாடாயிற்று. புகழ் பெற்ற பழைய மாணவர் பட்டியலைத் தொகுக்கும் பணி என்னிடம் வந்தது. பெரும்பதவி வகித்த ஒருவர் சிறுவயதில் எங்கள் பள்ளியிற் படித்தவர் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வரவுப் பதிவேட்டைப் புரட்டி உறுதிசெய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றாமலில்லை. ஆனால் பதிவேடுகளிற் பல இடப்பெயர்வில் அழிந்துபோயிருந்தன, அச்சகத்தாரும் அவசரப்படுத்தினர். பெயரை முதலாவதாகவே போட்டுவிட்டேன். மலர் வெளிவந்த சில வாரங்களில் அவருடைய குடும்பத்தாரிடமிருந்து மரியாதை குன்றாத ஒரு கடிதம் வந்தது. அவர் அப்பள்ளியில் ஒருநாளும் படித்ததில்லை, ஒரு பேச்சுப் போட்டிக்கு வந்து அன்றிரவு எங்கள் மண்டபத்திலே தங்கியதுண்டு, அவ்வளவே.

பிழை என்னுடையது. அக்கடிதம் தந்த வெட்கத்தை நான் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறொன்று. விழாவன்று மண்டபத்தின் பின்வரிசையில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அப்பள்ளியிலே கற்று, மருத்துவிச்சியாகித் தீவிலேயே ஏறத்தாழ முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். கடல் கொந்தளித்த இரவுகளில், வைத்தியர் வர இயலாதபோது, அரிக்கன் விளக்கொளியில் அவர் ஏந்திய பிள்ளைகளிற் பலர் அன்று மேடையிலே நின்று பாடினர். அவர் மலரை விரித்தார். பட்டியல் இருந்த பக்கத்தை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு கீழே வந்தார். பின் பக்கத்தைத் திருப்பிவிட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. என்னைக் கண்டு, "மலர் நல்லாய் வந்திருக்கு, மாஸ்ரர்" என்றார். அவர் இப்பொழுது இல்லை.

பழைய மாணவர் பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. தவத்திரு தனிநாயகம் அடிகளாரைப் பாருங்கள். 1913 இல் கரம்பொனிற் பிறந்தவர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் கற்றவர். உரோமாபுரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் மேற்கல்வி பெற்றவர். 1952 இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கியவர். 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூட முன்னின்றவர். இத்தனை கல்விக்கூடங்களும் அவரைத் தம்மவர் என்று சொல்லலாம்; ஒவ்வொன்றும் சொல்வது மெய்யே. அவர் கற்றமைக்குச் சான்று இருக்கின்றது. ஒரு தீவுப் பிள்ளை அப்பெயரைப் படித்து, 'இந்த மணலிலிருந்தும் ஒருவர் அவ்வளவு தூரம் சென்றார்' என்று எண்ணுவது நல்லதே. மெய்யான பெயர் பிள்ளையைத் தூக்கிவிடும். பொய்யான பெயரை நம்பி ஏறிய பிள்ளை, அது பொய் என்று அறியும் நாளில், மெய்யான பெயர்களையும் சேர்த்தே நம்பாமல் விடும்.

படகிலே கேட்ட மாணவியை மறுநாள் அலுவலகத்துக்கு அழைத்து, இவற்றிற் பெரும்பகுதியைச் சொன்னேன். அவள் கூர்மையானவள். "அப்படியென்றால் அக்காவை அப்படி ஒரு சங்கம் கூப்பிட்டால் அவ என்ன கேட்க வேணும், சேர்?" என்றாள். நல்ல வினா. யார் யார் உறுப்பினர் என்பதைக் கடைசியிற் கேட்கட்டும் என்றேன். சென்ற ஆண்டு அக்கிளையினர் என்ன செய்தனர், சேர்வதற்கும் ஆண்டுதோறும் எவ்வளவு பணம் செல்லும், படிப்புக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பவற்றை முதலிற் கேட்க வேண்டும். இன்னொன்றையும் அஞ்சாது கேட்க வேண்டும்: புதியவர்களை வருத்தும் பழக்கம் அங்கே உண்டோ? நம் பல்கலைக்கழகங்களில் பகிடிவதை என்று நாம் அறிந்த அதே கொடுமை அங்கும் இச்சங்கங்களின் பெயரால் நடந்ததுண்டு. உயிர்கள் போனதும் உண்டு. இங்கே 1998 இல் அதற்கெதிராகச் சட்டம் இயற்றினர். அங்கே கறுப்பின மாணவர் சங்கங்கள் எட்டும் கூடி, புதியவரைச் சோதனைக் காலத்தில் வைக்கும் பழைய முறையை 1990 இல் விலக்கின. ஆயினும் மறைவில் நடப்பது முற்றாக ஒழிந்தபாடில்லை. சடங்கு இரகசியமாய் இருக்கலாம். துன்பம் இரகசியமாய் இருத்தல் ஆகாது. அப்படி ஒன்று நேர்ந்தால் எழுந்து வெளியே வந்துவிடு என்று அக்காவுக்கு எழுது என்றேன்.

எழுதினாளாம். மறுமொழியும் வந்ததாம். அக்கா அங்கே ஒரு சங்கத்துக் கூட்டத்துக்குப் பார்வையாளராகச் சென்றிருக்கின்றாள். இன்னும் முடிவு செய்யவில்லை.

எங்கள் பள்ளியில் அடுத்த ஆண்டு ஒரு மலர் வெளிவர இருக்கின்றது. பட்டியல் தொகுக்கும் வேலையை இம்முறை உயர்தர வகுப்பு மாணவிகள் நால்வரிடம் ஒப்படைத்திருக்கின்றேன். அவர்கள் சனிக்கிழமைகளில் வீடுவீடாகச் சென்று முதியோரிடம் கேட்டு, பழைய புகைப்படங்களையும் சான்றிதழ்களையும் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி வருகின்றனர். சென்ற வாரம் அக்கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முதற் பக்கத்தில் பதினொரு பெயர்கள் இருந்தன. ஒருவர் படகோட்டி, ஒருவர் தபாற்காரர், இருவர் ஆசிரியைகள், ஒருவர் பேராசிரியர். மற்றவர்களை இனித்தான் வாசிக்க வேண்டும். பெயருக்கு எதிரே சான்று என்று ஒரு கட்டம் போட்டிருக்கின்றார்கள். மூன்று பெயர்களுக்கு எதிரே அக்கட்டம் இன்னும் வெறுமையாக இருக்கின்றது.